லாபம், ரெண்டு, மூணு

காலேஜ் மாணவர் சங்கத்துக்குத் தன்னைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று என் மகன் வந்து சொன்னபோது, என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எம்புட்டுடா?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில் இரண்டு அர்த்தம் உண்டு. தாலுகா கச்சேரி, ஆபீஸ் என்றால் சம்பளம் அவர்கள் கொடுப்பது. காலேஜ் என்றால் நாம் கட்டுவது. எந்தச் சம்பளத்தைக் கேட்கிறாள் என்று தெரியாமல் பையன் விழித்தான்.

"சம்பளமெல்லாம் கெடையாது ஆத்தா. கௌரவப் பதவி."

"வாங்கவும் வேணாம், கட்டவும் வேணாமா? அப்ப எதுக்குய்யா ஊரான் வீட்டுக் காசுக்கு நீ காவல்?"

நான் குறுக்கிட்டு, ஜனநாயகம் என்றால் என்ன, பொதுக்காரியம் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கினேன். தாலுகா கச்சேரியில் இருபது வருஷமாகக் குமாஸ்தாவாக இருக்கிறவன் நான். பொதுப்பணத்தைக் கையில் வைத்திருப்பவன் ராத்திரி எப்படித் தூங்குவான் என்று நன்றாகவே தெரியும். தெரிந்தும் விளக்கினேன். பெருமை அப்படி.

பெருமையோடு பயமும் இருந்தது. அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். பையன் அரைச் சம்பளத்தில் படித்துக்கொண்டிருந்தான். பி.ஏ. முடிய இன்னும் ஒரு வருஷம். அந்தச் சலுகை பிரின்சிபால் துரை பார்த்துக் கொடுத்தது. மாணவனின் நடத்தை திருப்தியாக இருக்கும் வரைக்கும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. முழுச் சம்பளம் கட்ட எனக்கு வழியில்லை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற நிலத்தை விற்றால் கட்டலாம். அதை உழுது சாப்பிடுகிறவன் என் மைத்துனன். ஆகவே துரையின் திருப்தியில்தான் எங்கள் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது.

பையனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சங்கத்தில் இரண்டு கட்சி. ஒன்று ஹாஸ்டல் கட்சி, மற்றொன்று டவுன் கட்சி. டவுன் கட்சி சார்பில் ஒரு வக்கீலின் பிள்ளை நின்றான். அழகாக இங்கிலீஷ் பேசுவான், கிராப்பு வைத்திருந்தான். ஹாஸ்டல் கட்சிக்கு நிறுத்த ஆளில்லை. கடைசியில், "பழங்காநத்தத்திலிருந்து நடந்து வருகிற அந்தப் பட்டிக்காட்டான் நிற்கட்டும், அவனுக்குத் திருடத் தெரியாது" என்று ஒருவர் சொல்ல, அதையே தகுதியாக வைத்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள். வக்கீல் பிள்ளை தோற்றான். தோற்றதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான் என்று பையன் சொன்னான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. கச்சேரியில் நான் பார்த்த வரையில், ஒருவன் சிரித்துக்கொண்டே தோற்றால், அப்பீல் போடப் போகிறான் என்று பொருள்.

ஆண்டு விழாவுக்குப் பட்ஜெட் போட்டார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் உட்கார்ந்து போட்டது. சந்தனம், பன்னீர், மாலைக்கு ஒரு தொகை. விருந்தாளிகளுக்கு டீ பார்ட்டி ஒரு தொகை. நாடகம், குரூப் போட்டோ, பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகை. வாசகசாலைக்குப் புத்தகம் வாங்க மீதி. மீதி என்று ஒன்று இருந்தால். "மாலை சின்னதா இருந்தா வாரவுக என்ன நெனைப்பாக? புத்தகம் இல்லைன்னா யாருக்குத் தெரியும்?" என்று தலைவர் கேட்டாராம். அறிவாளி. இப்போது எங்கேயோ முனிசிபாலிட்டியில் இருக்கிறார் என்று கேள்வி. ஆச்சரியமில்லை.

விழா நடத்துவதில் வேலைப் பிரிவினை மிகவும் சரியாக இருந்தது. தலைவர் பேசினார். செயலாளர் மாலையை எடுத்துக் கொடுத்தார். என் மகன் பணம் கொடுத்தான். பெட்ரோமாக்ஸ்காரர், அச்சாபீஸ்காரர், பலகாரக்காரர் எல்லாரும் கூட்டத்தில் இவன் தலையைத்தான் தேடினார்கள். நாடகத்துக்கு டோப்பா முடி வாடகைக்கு விட்டவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ராஜா டோப்பா ரெண்டுக்கு வாடகை வரணும்."

"நாடகத்துல ராஜா ஒருத்தருதானே அண்ணே?"

"எங்கிட்டக் கேட்டா? ரெண்டு பேரு நாந்தான் ராஜான்னு சண்டை போட்டாக. ஆளுக்கு ஒண்ணு மாட்டிவிட்டேன். ஒருத்தரு மேடைக்குப் போனாரு. இன்னொருத்தரு டோப்பாவோட திரைக்குப் பின்னாடி நின்னு அழுதாரு. அழுதாலும் வாடகை வாடகைதானே தம்பி?"

பையன் கொடுத்தான். ரசீதில் கையெழுத்து வாங்கினான். இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ரசீது எதுவாக இருந்தாலும் ஓரணா ஸ்டாம்பு ஒட்டச் சொல்லிப் பழக்கியிருந்தேன். பலகாரக்காரர், "என் கடைக்கு வர்ற கலெக்டராபீஸ் ஆளுககூட ஸ்டாம்பு கேக்கல மாப்ள, நீ கேக்குற" என்று கேலி பேசிவிட்டுத்தான் ஒட்டினாராம். எல்லாம் முடிந்து எல்லாருக்கும் கொடுத்த பிறகு கையில் நாற்பத்தேழு ரூபாயும் சில்லறையும் நின்றது. ஒரு தம்பிடி குறையவில்லை. பட்ஜெட்டில் மீதி வைத்த முதல் பொருளாளர் இவன்தான் என்று சங்கத்தில் பேசிக்கொண்டார்களாம். அந்த வார்த்தையைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் பாயசம் வைத்தோம்.

சங்கத்து விதிப்படி, வருஷக் கடைசிப் பொதுக்கூட்டத்தில், பிரின்சிபால் துரையின் முன்னிலையில், கையிருப்பைப் பொருளாளர் வாய்விட்டு எண்ணி ஒப்படைக்க வேண்டும். எழுதி வைத்ததைப் படித்தால் போதாது, எண்ண வேண்டும். இந்த விதியை யார் செய்தாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

நான் அங்கே இல்லை. பையன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். பையை மேஜைமேல் கவிழ்த்தான். துரை நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எதிரே சங்கம் முழுவதும். பயந்த நேரத்தில் மனிதனுக்குக் காலேஜில் படித்தது வருமா, களத்தில் படித்தது வருமா? முதல் ரூபாயை எடுத்து வைத்தான்.

"லாபம்."

இரண்டாவதை வைத்தான். "ரெண்டு." அப்புறம் "மூணு", "நாலு" என்று ஒழுங்காகப் போனான்.

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கிறபோது ஒன்று என்று யாரும் தொடங்க மாட்டார்கள். முதல் மரக்கால் லாபம். அப்புறம் ரெண்டு, மூணு. ஒன்று என்று சொன்னால் ஒன்றோடு நின்றுவிடுமாம். நெல்லுக்கு வந்த பழக்கம் தேங்காய்க்கும், ஆட்டுக்கும், ரூபாய்க்கும் தொற்றிக்கொண்டது. இந்த மதுரை ஜில்லாவில் இது தெரியாதவன் வெளியூர்க்காரனாகத்தான் இருப்பான். அந்தக் கூடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர்தான் இருந்தார். தலைமை வகித்தார்.

பத்துப் பத்தாக அடுக்கினான் பையன். ஒவ்வொரு அடுக்குக்கும் புதிதாக ஒரு லாபம். இரண்டாவது லாபத்தில் பின் வரிசையில் சிரிப்பு எழுந்தது. மூன்றாவது லாபத்தில் துரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவர் அடிக்கடி ஏதோ ஒரு வார்த்தை சொல்கிறாரே, அது என்ன?"

வக்கீல் பிள்ளை எழுந்தான். பணிவோடு நின்றான். அவனுடைய தாத்தாவுக்குத் திருமங்கலத்தில் நஞ்சை இருக்கிறது. அங்கே மரக்கால் பிடிக்கிறவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் துரை கேட்டது வார்த்தையின் அர்த்தத்தை. அதற்கு மட்டும் பதில் சொன்னான். "'பிராபிட்' என்கிறார், சார்."

"யாருக்கு?"

"அதைச் சொல்லவில்லை, சார்."

ஒரு பொய் உண்டா இதில்? வார்த்தைக்கு வார்த்தை சரி. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். பையனுக்கு இங்கிலீஷ் முழுவதும் மறந்துவிட்டது. நிறுத்தினால் தப்பு என்று நினைத்து எண்ணிக்கொண்டே போனான். நான்காவது அடுக்கு. "லாபம்." ஏழு ரூபாய்க்கு ஒரு குறை அடுக்கு. அதற்கும் "லாபம்." ஐந்து முறை. துரை பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டார்.

மேடையிலேயே தமிழ் வித்துவான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கவலைப்படாதே. இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று பெயர்" என்று ஆறுதல் சொன்னாராம். நேற்றே சொல்லியிருக்கலாமே ஐயா என்று கேட்டதற்கு, "துரைக்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது" என்றாராம். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

தகப்பனார் நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. பணத்தைப் பையில் போட்டு முத்திரை வைத்துத் துரை தம் அறையிலேயே வைத்துக்கொண்டார். கடிதத்தில், பையன் சங்கப் பணத்தில் தனக்கென்று லாபம் வைத்ததாகத் தெரிகிறது, விசாரிக்க வேண்டியிருக்கிறது, சலுகை விஷயம் விசாரணைக்குப் பிறகு தீர்மானிக்கப்படும் என்றிருந்தது. கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். என் மனைவி ஒரு தடவையும் படிக்கவில்லை, அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"சம்பளமில்லாத வேலைன்னு அன்னைக்கே சொன்னேன்."

செய்தி நாகமலைப் பக்கம் போய்விட்டது. விசாரணை அன்று காலையில் என் மைத்துனன் வந்து இறங்கினான். கையில் ஒரு சாக்கு. அதற்குள் மரக்காலும், அளந்து காட்டக் கொஞ்சம் நெல்லும்.

"இதெல்லாம் எதுக்கு மாப்ள?"

"துரைக்கு அளந்து காட்டப் போறேன் மச்சான். பாத்தா வெளங்கிரும்ல?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கிறேன்."

"நீங்க பேசித்தான் இம்புட்டுத் தூரம் வந்துருக்கு. நானும் வாரேன்."

நான் இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதை அவனிடம் நிரூபிக்க நேரம் இல்லை. ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு போனோம். வழி முழுவதும் நான் மனதுக்குள் இங்கிலீஷில் ஒத்திகை பார்த்தேன். 'ஐயா, இது எங்கள் சமூகத்தின் நெடுநாளைய வழக்கம்' என்று தொடங்கினால் நன்றாக இருக்கும் என்று பட்டது. அவன் மடியில் மரக்கால் தட்டிக்கொண்டே வந்தது.

துரையின் அறையில் காலேஜ் தலைமைக் குமாஸ்தா நின்றிருந்தார். பையன் ஒரு மூலையில். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். நான் ஒத்திகையைத் தொடங்குவதற்குள், மைத்துனன் சாக்கைத் தரையில் வைத்துவிட்டான்.

"இவர் யார்?"

"என் மனைவியின் சகோதரர், சார். அவர் சொல்வதை நான்..."

தலைமைக் குமாஸ்தா தொண்டையைக் கனைத்தார். சம்பந்தப்பட்டவர் மொழிபெயர்க்கக் கூடாது, தாமே செய்வதாகச் சொன்னார். நியாயம்தான். கச்சேரியில் நானே பல பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

மைத்துனன் கையைக் கட்டிக்கொண்டு, சந்தைக்கே கேட்கிற குரலில் சொன்னான். "துரை, எங்க பய மேல ஒரு குத்தமும் இல்லீக. நாங்க எதை எண்ணினாலும் லாபத்துலதான் ஆரம்பிப்போம். எங்கப்பன் அப்படித்தான், எங்க பாட்டன் அப்படித்தான். லாபம் வெக்காம எங்க குடும்பத்துல ஒருத்தனும் எண்ணினதே கெடையாதுங்க!"

குமாஸ்தா நிதானமாக, ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். இந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக எதை எண்ணினாலும் முதலில் லாபத்தை வைத்துக்கொண்டுதான் எண்ணுகிறார்கள் என்று.

துரை பென்சிலைக் கீழே வைத்தார். மொழிபெயர்ப்பு என்பது ஒரு பெரிய கலை என்கிறார்கள். இருக்கலாம். பிழையே இல்லாமல் ஒரு குடும்பத்தை அடியோடு முடிக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"துரைக்கு வெளங்கிருச்சு மச்சான்" என்று மைத்துனன் என் காதில் சொன்னான்.

துரை முத்திரையை உடைத்துப் பையை என் பக்கம் தள்ளினார். "நீங்கள் சர்க்கார் உத்தியோகஸ்தர். நீங்களே எண்ணுங்கள். எவ்வளவு இருக்கிறது பார்ப்போம்."

ரூபாயைக் கொட்டினேன். ஒன்று, ஒன்று, ஒன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு சின்ன வார்த்தை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும். முதல் ரூபாயை எடுத்தேன். பையன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"லாபம்," என்றேன்.

குமாஸ்தா மொழிபெயர்க்கக்கூட இல்லை. அவசியம் இல்லை. அந்த ஒரு தமிழ் வார்த்தை துரைக்கு நன்றாகவே பாடமாகிவிட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நெல் சாக்கைப் பார்த்தார், மூலையில் நின்ற பையனைப் பார்த்தார்.

"நீங்களுமா?" என்றார்.

ஒத்திகை பார்த்த இங்கிலீஷ் எல்லாம் ஜட்காவிலேயே தங்கிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன். ஒன்றுக்கு எங்களிடம் அதுதான் பெயர் சார், ஒன்றென்று சொன்னால் அதோடு நின்றுவிடும் என்ற பயம் சார், அந்த வார்த்தையில் ஒரு காசும் கிடையாது சார் என்று.

துரை மறுபடியும் பென்சிலைக் கையில் எடுத்தார். பிறகு கேட்டார். "சரி. ஒன்றுக்கு லாபம் என்கிறீர்கள். உண்மையிலேயே லாபம் வந்தால் அதற்கு என்ன சொல்வீர்கள்?"

நான் பயத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதை வெளியே சொல்ல மாட்டோம், சார்."

குமாஸ்தா திரும்பிக்கொண்டு இருமினார். துரையின் முகம் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தோள் குலுங்கியது. சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரையில் சிரித்தார். "என்னங்க சொன்னீக? சொன்னீகன்னா நானும் சிரிப்பேன்ல?" என்று மைத்துனன் என் இடுப்பில் இடித்தான். என்னால் அவனுக்கு மொழிபெயர்க்க முடியவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

மீதியையும் எண்ணச் சொன்னார். எண்ணினேன். ஐந்து லாபமும் வரிசையாக வந்தது. நாற்பத்தேழு ரூபாய், சில்லறை, எல்லாம் சரியாக இருந்தது. சலுகை நீடிக்கும் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நான் வீடு வரைக்கும் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் சங்கத்து நோட்டீஸ் பலகையில் ஓர் அறிவிப்பு தொங்கியது. இனிமேல் சங்கப் பணத்தை எண்ணுகிறவர்கள் ஒன்று என்றே தொடங்க வேண்டும், வேறு சொல் கூடாது என்று. வக்கீல் பிள்ளை அதைப் படித்துவிட்டு, என் மகன் தோளில் தட்டி, "பரவாயில்லை, தப்பித்தாய்" என்று வாழ்த்தினானாம். சிரித்துக்கொண்டேதான்.

விஷயம் முடிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு முடியவில்லை. தபால்காரர் தெருவில் வந்தால் இப்போதும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன். கச்சேரியில் யாராவது லாப நஷ்டம் என்று பேசினால் கை பேனாவை விட்டுவிடுகிறது. என் மனைவி சந்தையில் கத்தரிக்காய் எண்ணி வாங்குகிறபோது பக்கத்தில் நிற்பதில்லை.

பையன் வேறு மாதிரி ஆகிவிட்டான். அறுப்புச் சமயத்தில் நிலத்துக்குப் போயிருந்தோம். களத்தில் நெல் குவிந்து கிடந்தது. மைத்துனன் அதே மரக்காலை எடுத்து நிரப்பி, "மாப்ள, நீ சொல்லு. பி.ஏ. படிக்கிறவன் வாயால சொன்னா இன்னும் பொலியட்டும்" என்றான்.

பையன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். "ஒண்ணு" என்றான்.

களத்தில் வேலை நின்றுவிட்டது. தூற்றிக்கொண்டிருந்த பெண்கள் சுளகை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். மைத்துனன் அளந்த நெல்லைத் திரும்பக் குவியலிலேயே கொட்டினான். மறுபடி நிரப்பினான். காத்திருந்தான்.

பையன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அரைச் சம்பளம் மிச்சப்பட்டது. ஒரு வார்த்தை போய்விட்டது.

"யாராச்சும் சொல்லுங்கப்பா. வெயில் ஏறுதுல்ல" என்றான் மைத்துனன்.

நான் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தேன். வரப்பில் இரண்டு மாடுகள். பனைமரத்து நிழலில் ஒரு நாய். துரைமார் யாரும் இல்லை. தலைமைக் குமாஸ்தாவும் இல்லை.

"லாபம்," என்றேன். யாரும் மொழிபெயர்க்கவில்லை. மைத்துனன் இரண்டாவது மரக்காலை நிரப்பினான். கொஞ்சம் பொறுத்து, எனக்குப் பின்னாலிருந்து, பையன் குரல் மெதுவாக, "ரெண்டு" என்றது.